எட்டும் சிவப்பு

செப்டம்பர் 30, செவ்வாய்

கோபம் வந்தால் கையில் இருப்பதை எறியாதீர்கள், எழுதி வையுங்கள் என்று பிரஷருக்குப் பார்க்கிற டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆயிற்று. இன்று எறிந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். எறிந்தது துணிதான், ரெஞ்ச் இல்லை. அந்த மட்டுக்கும் முன்னேற்றம்.

மஞ்சள் வண்டிக்கு எடை குறைந்த ஃப்ளைவீல் மாட்டினேன். எஞ்சினின் பின்பக்கம் சுற்றுகிற இரும்புத் தட்டு அது. பழையது பதினொரு கிலோ, இது ஐந்துக்கும் கீழே. தட்டு இளைத்தால் எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும், பந்தயக்காரனுக்கு அதுதான் வேண்டும். எட்டு போல்ட்டில் நிற்கிறது. முதலில் எட்டையும் கையால் முடுக்க வேண்டும். பிறகு அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கி, இறுக்கியதன் தலையில் சிவப்பு பெயிண்ட் ஒரு புள்ளி. சிவப்பு இருந்தால் முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என் பட்டறையில் இதுதான் சட்டம். சென்னியப்பன் சிவப்பு வைத்த போல்ட் கழன்றது என்று இந்தக் கோயமுத்தூரில் ஒருவன் சொல்லட்டும், கடையை இழுத்து மூடிவிடுகிறேன்.

இறுக்கிக்கொண்டிருக்கும்போது விசாகன் வந்தான். என் மனைவி சுலோச்சனாவின் ஒரே தம்பி. தாய் போன பிறகு பன்னிரண்டு வயது மூத்த இவள்தான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். மஞ்சள் வண்டியைக் கட்டுகிறவன் நான், ஓட்டுகிறவன் அவன். வரும் பன்னிரண்டாம் தேதி செட்டிபாளையம் பக்கம் பந்தயம். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மாமா, அடுத்த வருசம் வண்டிய பெங்களூர்ல ஒருத்தருகிட்டக் குடுத்துப் பாக்கலாமுங்களா? அங்க எல்லாமே கம்ப்யூட்டர்ல பண்றாங்களாமா."

"ஏன் மாப்ள, நான் இங்க மாட்டு வண்டியா கட்டறேன்?"

"அப்படிச் சொல்லலீங் மாமா."

"வேற எப்படிச் சொன்னே?"

அதற்குமேல் நடந்ததை எழுதினால் மாத்திரை போட வேண்டிவரும். துணியைச் சுவரில் எறிந்தேன், கையைக் கழுவினேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஃப்ளைவீல் வேலை முடிந்தது.


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இன்று ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக் கூடாது. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் சுலோச்சனாவைப் பட்டறைக்குள் விடுவேன். மற்ற நாளெல்லாம் எண்ணெய்த் தரை, வழுக்கி விழுவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நிஜம் என்னவென்றால் அவள் வந்தால் ஒழுங்குபண்ணுவாள், பிறகு எனக்கு ஒரு சாமானும் கிடைக்காது.

நான் போவதற்குள் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டாள். டார்க் ரெஞ்ச் குளித்த குழந்தை மாதிரி சாமி படத்துக்கு முன்னால் படுத்திருந்தது. வைஸ், ஜாக்கி, கம்ப்ரஸர், வெல்டிங் செட் எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பழைய டயர் மேல் உட்கார வைத்திருந்த எஞ்சினுக்கும் பொட்டு. ஃப்ளைவீல் நடுவில் போல்ட்டுகளின் மேல்கூட ஒழுங்காக வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"இதென்ன, கல்யாணப் பொண்ணா?" என்றேன்.

"எந்தம்பி ஓட்டற வண்டிங்க. கை காலு முழுசா அவனக் கொண்டாந்து உடோணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன். உங்களுக்கென்ன வந்துச்சு?"

விசாகன் வந்து பூசணிக்காய் உடைத்தான். பொரிகடலையை அள்ளி அள்ளித் தின்றான். என்னிடம் இரண்டு முறை பேச வந்தான். நான் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.


அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. ஏழு மணிக்கே பட்டறையைத் திறந்தேன். எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சந்தனமும் குங்குமமும் துணியோடு வந்தன. போல்ட் தலைகளில் மட்டும் சிவப்பு நின்றது. நல்ல பெயிண்ட், அப்படி லேசில் போகாது. எண்ணிப் பார்த்தேன். எட்டும் சிவப்பு. கிளட்சை மாட்டி, கியர்பாக்ஸை மூடி, சாயங்காலத்துக்குள் எஞ்சினை வண்டிக்குள் இறக்கிவிட்டேன். நல்ல நாளில் கை வைத்தால் வேலை தானாக ஓடுகிறது.


அக்டோபர் 4, சனி

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐட்லிங் சரியில்லை.

நின்ற இடத்தில் தொள்ளாயிரம் சுற்று சுற்ற வேண்டியது அறுநூறுக்கு இறங்குகிறது, ஆயிரத்து நூறுக்குத் தாவுகிறது, மறுபடி இறங்குகிறது. டேஷ்போர்டில் வைத்த டீ டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வெண்ணெய். விட்டால் நடுக்கம்.

விசாகன் உட்கார்ந்து இரண்டு முறை உறுமவிட்டு, "ஃப்ளைவீல் லேசா இருந்தா இப்படித்தானுங் மாமா நடுங்கும். எல்லாரும் சொல்றாங்க" என்றான். எனக்கும் தெரியும். எடை போனால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஆனால் இது கொஞ்சம் இல்லை.


அக்டோபர் 5, ஞாயிறு

லீவு. வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தத்தில்கூட அந்த நடுக்கம் கேட்கிறது.


அக்டோபர் 6, திங்கள்

நான்கு ஸ்பார்க் பிளக்கும் புதுசு. பயனில்லை. பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில்களில் ஒன்றாம் சிலிண்டருடையதை மூன்றுக்கு மாற்றினேன். காயில் கெட்டிருந்தால், சிலிண்டர் எரியாமல் விட்டுப்போகிற மிஸ்ஸிங் அதோடு சேர்ந்து போக வேண்டும். போகவில்லை. ஸ்கேனரைச் செருகினால் ஒருமுறை இரண்டாம் சிலிண்டர் என்கிறது, ஒருமுறை நான்கு என்கிறது. ஒரு வியாதி ஒரு இடத்தில் இருந்தால் பிடித்துவிடலாம். இது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.


அக்டோபர் 7, செவ்வாய்

எஞ்சின் காற்று இழுக்கிற இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்தேன். காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிற இடத்தில் புகை வெளியே வரும். வந்தது. சுண்டுவிரல் தடிமன் ஹோஸ் ஒன்றில் நூலிழை வெடிப்பு. மாற்றினேன். ஸ்டார்ட் பண்ணினேன். முள் தொள்ளாயிரத்தில் அசையாமல் நின்றது. விசாகனுக்கு போன் போட்டு, "பெங்களூர்க்காரன் இதைக் கண்டுபுடிச்சிருப்பானா?" என்று கேட்டேன். சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டோம்.

சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். எஞ்சின் சூடாகி இருந்தது. மறுபடி நடுங்க ஆரம்பித்தது. நேற்றைவிட அதிகம். விசாகனுக்குச் சொல்லவில்லை.


அக்டோபர் 8, புதன்

கம்ப்ரஷன் பார்த்தேன், நான்கும் ஒரே அளவு. இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினேன். வண்டிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அன்வரை வரவழைத்தேன். லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"கிராங்க் சென்சார் சிக்னல் ஒரே சீரா வரலீங்ணா. இந்த எஞ்சின்ல சென்சார், ஃப்ளைவீல் பல்லப் பாத்துத்தான எண்ணுது. பல்லு ஒரு சுத்துல கிட்ட வருது, ஒரு சுத்துல தள்ளிப் போவுது. ஃப்ளைவீல ஒருக்காப் பாத்துருங்க."

"சென்சாரப் பாரு. ஃப்ளைவீல் நான் போட்டது."

"இல்லீங்ணா, நான் என்ன சொல்றன்னா..."

"நான் போட்டதுனு சொன்னேன்."

அவன் லேப்டாப்பை மூடிவிட்டுப் போனான். நல்ல பையன்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷ வேலையை இரண்டு கோடு பார்த்துச் சந்தேகப்படுவது என்ன பழக்கம்?

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முப்பதாம் தேதி எழுதியிருக்கிறேன்: ஃப்ளைவீல் வேலை முடிந்தது. என் கையெழுத்துதான்.


அக்டோபர் 9, வியாழன்

புது சென்சார் போட்டேன். எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் சாப்பிடும்போது சுலோச்சனா கேட்டாள், "வண்டிக்கு என்னமோன்னு விசாகன் சொன்னானே. பயமில்லையே?"

"ஐட்லிங்தான். நின்னா நடுங்குது, ஓடுனா சரியாயிருது."

"நின்னாலே நடுங்கறது ஓடுனா எப்படிங்க சரியாகும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. ரசத்த ஊத்து."

ஊற்றினாள்.


அக்டோபர் 10, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. வண்டி நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து கிளட்ச் பெடலை மிதித்தேன். நடுக்கம் மாறியது. அடியில் ஒரு டொக் டொக் சத்தம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் மற்ற சத்தத்தில் அமுங்கிப் போயிருந்தது. பெடலை மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது. இருபது தடவை மிதித்துப் பார்த்தேன்.

கிளட்ச் பெடல் தள்ளுகிற விசை ஃப்ளைவீலில்தான் போய் விழும். இது பட்டறைக்கு வந்த முதல் வாரமே யாருக்கும் தெரிகிற சங்கதி.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க ஆறு மணி நேரம். திரும்ப ஏற்ற இன்னும் ஆறு. நாளை காலை பயிற்சி ஓட்டம், ஞாயிறு பந்தயம். கிளட்ச் புதுசு, படிய நாலு நாள் ஆகும், புதுக் கிளட்சில் சத்தம் வருவது உண்டு. சில வண்டியில் கேட்டிருக்கிறேன்.

எப்போதோ ஒரு பந்தயத்தில் ஒரு வண்டியின் ஃப்ளைவீல் பிய்ந்துகொண்டு போனதைப் பார்த்தேன். ஏழாயிரம் சுற்றில் அது வெறும் தட்டு இல்லை, ரம்பம். கியர்பாக்ஸ் கூட்டைக் கிழித்து, வண்டியின் தரையைக் கிழித்து, ஓட்டியவனின் இடது பாதத்தோடு போயிற்று. இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எட்டும் சிவப்பாக இருந்தது. நான் எண்ணினேன்.


அக்டோபர் 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குப் பயிற்சி ஓட்டம். சுலோச்சனா கேரியரில் சாப்பாடு கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். வண்டிகள் வந்து நிற்கிற பிட்டின் சுவர் ஓரத்தில் என் பக்கத்தில் நின்றாள். மஞ்சள் வண்டி எதிரே வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள், சத்தம் கடந்த பிறகு திறப்பாள். முதல் சுற்று சரி. இரண்டாவது சுற்றில் நேரம் குறைந்தது. மூன்றாவதில் அவன் வளைவுக்கு முன்னால் கியர் குறைத்தபோது அந்த டொக் டொக் கேட்டது. வேகத்தில் கேட்கக் கூடாத சத்தம் அது.

உள்ளே வா என்கிற பலகையைத் தூக்கிப் பிடித்தேன். அவன் பார்க்கவில்லை. நாலாவது சுற்றுக்குப் போய்விட்டான். அந்த ஒரு நிமிஷம் பத்து நொடி நான் என்னென்ன சாமிக்கு என்னென்ன வேண்டினேன் என்பது எனக்கும் அவர்களுக்கும் தெரியும். அடுத்த தடவை சுவர்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் வீசினேன். பந்தயப் பாதையைக் காக்கிற மார்ஷல் ஒருவர் என் காலைப் பிடித்து இழுத்தார். விசாகன் பார்த்துவிட்டான். வேகத்தைக் குறைத்து உள்ளே வந்தான்.

"மாமா, என்ற வாழ்க்கையிலயே இதுதான் நல்ல டைமு. ஏன் கூப்புட்டீங்க?"

"எறங்கு."

"இன்னும் ரெண்டு ரவுண்டு..."

"எறங்குடான்னா."

சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். சுலோச்சனாவும் வந்தாள், இன்று அவளை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மணிக்குக் கியர்பாக்ஸைப் பின்னால் இழுத்தோம். அதிலிருந்து ஒரு போல்ட் தலை உருண்டு தரையில் விழுந்தது.

கிளட்சைக் கழற்றினேன். எட்டில் ஒன்றுக்குத் தலை இல்லை. நான்கு, விரலால் சுற்றினாலே சுற்றின. மீதி மூன்றுதான் இத்தனை நாளும் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன, அவையும் பாதி இளகிவிட்டன. விசாகன் குனிந்து, ஃப்ளைவீலுக்கும் தன் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவில் கையை விரித்து அளந்தான். ஒரு சாண். டயர் மேல் போய் உட்கார்ந்தான்.

போல்ட் தலைகளைப் பார்த்தேன். மூன்றில் என் பெயிண்ட். மற்றவற்றில் எண்ணெயில் ஊறிக் கருகின ஏதோ ஒன்று. நகத்தால் சுரண்டினேன். அடியில், துணி எட்டாத தலைக் குழிக்குள், சிவப்புப் பொடி. குங்குமம். அதைத்தான் நான் பெயிண்ட் என்று எண்ணியிருக்கிறேன்.

சுலோச்சனா என் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் பண்ணிப்போட்டேன் சாமி," என்று அவள் விசாகனிடம் சொன்னாள். "பூஜையன்னைக்குப் போல்ட்டுல பொட்டு வெச்சுட்டேன். மாமா அதப் பாத்துட்டு டைட் பண்ணியாச்சுன்னு நெனச்சுட்டாரு."

"உன்னை யாரு அக்கா அதத் தொடச் சொன்னது?" விசாகன் எழுந்துவிட்டான். "என்ற காலு போயிருக்கும் தெரியுமா? மாமா மீதி அஞ்ச விஜயதசமி அன்னைக்கு டைட் பண்ணலாம்னு வெச்சிருந்திருப்பாரு. அப்படித்தானுங்களே மாமா?"

"ஆமா" என்றேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

பந்தயம் நடந்தது. நாங்கள் போகவில்லை.


அக்டோபர் 13, திங்கள்

காலையில் விசாகன் பட்டறைக்கு வந்து காலில் விழுந்தான். எழுந்து, "உங்க காது இல்லீன்னா நான் இன்னிக்கு ஆஸ்பத்திரில கெடப்பேன். பெங்களூர்ப் பேச்சு இனி எடுக்க மாட்டேனுங் மாமா" என்றான். அவன் சொல்லித்தான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. ஓடுகிற வண்டியில் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து நிறுத்தினார் சென்னியப்பன் என்று ஓட்டுகிறவர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வண்டி அனுப்புகிறேன் என்று போன் பண்ணினார். அன்வரும் போன் பண்ணினான். வாழ்த்துகள் அண்ணா என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாதது எனக்கு நன்றாகக் கேட்டது.

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். வருஷா வருஷம் விடிகாலையில் விசாகனைப் பலகையில் உட்கார வைத்துச் சுலோச்சனாதான் தலைக்கு எண்ணெய் வைப்பாள். முப்பது வயது ஆகியும் குழந்தை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்காருவான். இந்த வருஷம் வரவில்லை என்றான்.

"ஏன் மாப்ள?"

"கோவமெல்லாம் இல்லீங். அக்கா கை பட்டா பயமா இருக்குதுங் மாமா. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். சுலோச்சனா அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அணைக்கவில்லை.


அக்டோபர் 14, செவ்வாய்

வேலை ஓடவில்லை. எதிரில் ஒரு சாதாரண கார், ஆயில் மாற்ற வந்தது. வடிகட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று. மூன்று போல்ட்தான் இறுக்கினேன். நான்காவதில் ரெஞ்சை வைத்தபோது அவன் பெங்களூர் என்றான். அன்று மீதியை மறுநாள் பார்க்கலாம் என்றெல்லாம் நான் வைத்திருக்கவில்லை. எத்தனை முடிந்தது, எத்தனை மீதி என்ற நினைப்பே இல்லாமல் எழுந்து வந்தேன். வந்து இந்த நோட்டில் முடிந்தது என்று எழுதினேன். குங்குமம் வைக்காவிட்டாலும் நான் பார்த்திருப்பேனா என்று கேட்டால், பார்த்திருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை. சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். பெடலை இருபது முறை மிதித்தவனுக்குத் தெரியாமல் என்ன?


அக்டோபர் 15, புதன்

மதியம் சாப்பாட்டுக்குப் போனேன். சாப்பிடாமல் சுலோச்சனாவிடம் சொன்னேன். மூன்று போல்ட், கோபம், நோட்டில் எழுதிய பொய், வெள்ளிக்கிழமை பெடல், எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் பொட்டு வெக்கறப்பவே மூணுக்குத்தான் செவப்பு இருந்துது. நீங்க வெச்ச பொட்டுன்னு நெனச்சு, அஞ்சு மட்டும் மொட்டையா இருக்குதேன்னு அதுங்களுக்கும் வெச்சேன். சனிக்கெழம கழட்டுனீங்களே, அப்பவே புரிஞ்சு போச்சு. பாதீல எந்திரிச்சு வந்துட்டீங்கன்னு."

"பின்ன ஏன் பழிய உம்மேல போட்டுக்கிட்டே?"

"அந்த நிமிசத்துல அவங்கிட்ட உங்களச் சொல்லியிருந்தா கை வெச்சிருப்பான். அக்காளத் திட்டட்டும், ரெண்டு நாள்ல ஆறிரும்னு நெனச்சேன். நீங்களும் அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "நாலு நாளாச்சுங்க. பாலு பொங்குன அன்னிக்காவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. மன்னிச்சுக்க என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அவங்கிட்டச் சொல்லுங்க. எந்தம்பி என்ற கையப் பாத்துப் பயப்படறானுங்க."

இப்போது மணி ஐந்தரை. பீளமேட்டில் விசாகன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டின் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இவன் இனி என்னை வண்டியைத் தொட விடுவானா தெரியாது. முகத்தைப் பார்ப்பானா என்பதும் தெரியாது. ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான்.

"எங்க மாமா காது இருக்குதுங்களே, அது காது இல்லீங்..." என்று ஆரம்பித்திருக்கிறான். சிரித்துச் சிரித்துச் சொல்கிறான். அவன் முடிக்கட்டும் என்று நிற்கிறேன்.